'கண்ட்ரோல் மெத்தட்' தமிழில் எப்படி? வெள்ளிக்குள் ஒரு சொல் தேவை

கோத்தகிரி, கணினி ஆசிரியை (திங்கள் இரவு)

அன்புள்ள குழுவினர்க்கு வணக்கம்.

எங்கள் பள்ளிக் கணினி மன்றத்துப் பிள்ளைகள் வரும் சனிக்கிழமை பெற்றோர் முன்னிலையில் ஒரு தாள விளையாட்டை ஆடிக் காட்டவிருக்கிறார்கள். மேலை நாட்டுச் செவ்வியல் இசையை வைத்து அமைத்த விளையாட்டு அது. பாக், மொட்சார்ட், பேத்தோவன் ஆகியோரின் உருப்படிகளுக்குப் பதிப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டதால் அவற்றை யாரும் எடுத்தாளலாம். திரையின் மேலிருந்து கட்டங்கள் இறங்கி வரும். அவை அடிக்கோட்டைத் தொடும் கணத்தில் தட்ட வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் மதிப்பெண் குறையும். இதன் திரைப் பட்டியல்களை (மெனு) நாங்களே தமிழாக்கி வருகிறோம். வெள்ளி மாலைக்குள் கோப்பை முடித்தாக வேண்டிய நிலையில் 'கண்ட்ரோல் மெத்தட்' என்னும் ஒரு தலைப்பு மட்டும் நிற்கிறது.

அதன்கீழ் தொடுதிரை, கணினி விசைப்பலகை, இசைக் கீபோர்டு ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இது அலங்காரமான தேர்வு அன்று. இந்த உறைபனிக் காலத்தில் முதல் வகுப்புக்குப் பிள்ளைகள் கம்பளிக் கையுறையோடுதான் வருகிறார்கள். தொடுதிரையோ கம்பளியை விரலாக ஏற்பதில்லை. கையுறையைக் கழற்றினால் விரல்கள் விறைத்துப் பேத்தோவன் பிந்துகிறார். ஆகவே காலையில் விசைப்பலகை, வெயில் வந்தபின் தொடுதிரை என்று மாற்றிக்கொள்கிறோம்.

'கட்டுப்பாட்டு முறை' என்று எழுதிப் பார்த்தேன். "யாரைக் கட்டுப்படுத்தணும் மிஸ்?" என்று ஆறாம் வகுப்புப் பையன் கேட்டான். பள்ளிச் சுவரில் ஒட்டும் ஒழுங்கு விதிகள் அவனுக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். சிறிய சொல்லாக இருந்தால் நல்லது. பொத்தானில் இடம் குறைவு.

குன்னூர், ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் (செவ்வாய் காலை)

அம்மா, தாங்கள் தேடும் சொல் புறநானூற்றில் இருக்கிறது: கைவழி.

149ஆம் பாட்டில் வன்பரணர் வள்ளல் நள்ளியைப் பாடும்போது, மாலையில் மருதம் பண்ணி, காலையில் 'கைவழி மருங்கின் செவ்வழி பண்ணி' எம்மவர் மரபை மறந்தனர் என்கிறார். மருதம் காலைப் பண், செவ்வழி மாலைப் பண். நள்ளி கொடுத்துக் கொடுத்துப் பாணர்களுக்குப் பொழுதே மறந்துபோயிற்று என்பது பாட்டின் நயம். இங்கே கைவழி என்பதற்கு யாழ் என்று பொருள் கொள்வர். கையின் வழி இசை பிறக்கும் கருவி என்று விரித்துக்கொண்டால் நம் தேவைக்கு இதனினும் பொருத்தமான சொல் இல்லை. அதுவும் காலந்தவறி வாசித்ததைச் சொல்லும் பாட்டிலிருந்து, காலந்தவறினால் மதிப்பெண் குறைக்கும் விளையாட்டுக்கு ஒரு சொல் கிடைக்கிறது. நள்ளியின் தோட்டிமலையை நம் தொட்டபெட்டாவோடு இணைத்துச் சொல்பவர்களும் உண்டு என்பதை நீலகிரி அன்பர்கள் கருத வேண்டும்.

மேலும், சிலப்பதிகாரக் கானல்வரியில் மாதவி யாழைத் திருத்தி இசை எழுப்பும் எண்வகையில் பண்ணல், பரிவட்டணை, ஆராய்தல், தைவரல், செலவு என்று அடுக்கி, ஆறாவதாக இளங்கோ வைக்கும் பெயர் 'விளையாட்டு'. இசையும் விளையாட்டும் ஓரிடத்தில் சேர்வது இன்று நேற்று நடந்ததன்று.

கூடலூர், மென்பொருளாளர் (செவ்வாய் மாலை)

ஐயா, தொட்டபெட்டா என்றால் படகர் மொழியில் பெரிய மலை என்பதற்குமேல் ஒன்றுமில்லை. நள்ளியை அவர் நாட்டில் விட்டுவிடுவோம்.

சொல்லுக்கு வருகிறேன். இது தனிச்சொல்லாக மட்டும் நிற்கப் போவதில்லை. நொடிக்கு 60 சட்டகம் (ஃபிரேம்) ஓடும் திரையில் ஒரு சட்டகம் ஏறத்தாழ 16.7 மில்லிநொடி. நிமிடத்துக்கு 120 தாள அடி என்ற நடையில் ஓர் அடிக்கு 500 மில்லிநொடி, அதன் கால் பாகம் 125 மில்லிநொடி. புளூடூத் ஒலிபெருக்கி ஒன்றை மாட்டினால் ஒலி 100 மில்லிநொடிக்குமேல் தாமதமாகி வருவது மிகச் சாதாரணம். பிள்ளை காதால் கேட்டுச் சரியாகத் தட்டினாலும் விளையாட்டு அவளைத் தவறு என்கிறது. தொடுதிரைக்கு ஒரு தாமதம், விசைக்கு வேறொரு தாமதம் என்பதால் ஒவ்வொன்றுக்கும் தனித் திருத்தம் வேண்டும். எனவே இச்சொல்லோடு 'திருத்தம்', 'மாற்றம்', 'சோதனை' எல்லாம் ஒட்ட வேண்டும். 'கைவழித் திருத்தம்' என்று படித்தால் கணக்கைக் கையால் திருத்துவது போல் இருக்கிறது.

'உள்ளீட்டு முறை' என்று சிலர் சொல்லக்கூடும். அது தமிழ்த் தட்டச்சு முறைகளுக்கு ஏற்கெனவே போய்விட்டது. நான் 'இயக்குமுறை' என்கிறேன்.

கொடைக்கானல், இசை ஆசிரியர் (செவ்வாய் இரவு)

மாணவர்களுக்குக் கீபோர்டு சொல்லித்தருபவன் என்ற முறையில் ஒரு குறுக்கீடு. கணினியில் இருப்பது விசைப்பலகை, இசைக்கருவியும் விசைப்பலகை என்றால் பிள்ளைகள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள்? ஆர்மோனியக்காரர்களுக்கு இந்தக் குழப்பம் கிடையாது. அவர்களுக்கு அது கட்டை. பாடகரிடம் சுருதி கேட்டால் 'ஐந்து கட்டை' என்றுதான் பதில் வரும். அந்தத் தேர்வுக்குக் 'கட்டை' என்றே போடுங்கள்.

தலைப்புக்கு என் ஓட்டு 'பாணி'. சிலப்பதிகார உரையில் கொட்டு, அசை, தூக்கு, அளவு ஆகிய நான்கு தாளக் கூறுகளும் இயைந்தது பாணி. மாத்திரை முறையே அரை, ஒன்று, இரண்டு, மூன்று. இன்றைய வழக்கில் பாணி என்றால் ஒருவர் செய்யும் விதம். தாளமும் விதமும் ஒரே சொல்லில், அதுவும் இரண்டே எழுத்தில்.

குன்னூர் (புதன் காலை)

பாணி என்பது வடமொழியில் கை. கைவழி என்னும் தூய தமிழ்ச்சொல்லைக் கூடாது என்றுவிட்டு, அதே கையை வடமொழி வாசலால் உள்ளே விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கொடைக்கானல் (புதன் காலை)

ஐயா, பொத்தான் போர்ச்சுகீசிலிருந்து வந்தது, சாவியும் அப்படியே. அம்மா முதல் மடலில் 'பொத்தானில் இடம் குறைவு' என்று எழுதியதைத் தாங்கள் தடுக்கவில்லை. இளங்கோவுக்கு இசைந்த பாணி நமக்கு ஆகாதா?

கோத்தகிரி (புதன் இரவு)

முதல் மடலிலேயே சொல்லியிருக்க வேண்டிய ஒன்றைச் சொல்ல மறந்தேன். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்திக்குக் கைகள் அவ்வளவாக ஒத்துழைப்பதில்லை. அவளுக்காகத் தரையில் இரண்டு மிதிகளைப் பொருத்தி, இடப்பக்கக் கட்டங்களை ஒன்றுக்கும் வலப்பக்கத்தை மற்றதற்கும் ஒதுக்கியிருக்கிறோம். மன்றத்தில் உச்ச மதிப்பெண் அவளுடையது; மிதியைக் காலணியோடு அமுக்கினால் அரைக்கணம் பிந்துகிறது என்று அவளே கண்டுபிடித்து, இந்தக் குளிரிலும் காலுறையோடு மட்டும் உட்கார்ந்து ஆடுகிறாள். அவள் திறக்கும் பக்கத்தின் தலைப்பில் 'கை' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

குன்னூர் (வியாழன் காலை)

அந்தப் பிள்ளைக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். ஆனால் சொல்லில் கை இருப்பதால் பொருளிலும் கை இருக்க வேண்டுமென்பதில்லை. கைவிடுதல், கைகூடுதல், கைம்மாறு இவற்றில் எந்தக் கை இருக்கிறது? ஆடல் அரங்கில் கால் வைத்தவர்களும் கைதேர்ந்தவர்கள்தாம்.

தட்டுதல், அழுத்திப் பிடித்தல், விடுதல் ஆகியவற்றுக்கும் சொற்கள் தேடிக்கொண்டிருப்பீர்கள். தொல்காப்பியர் மாத்திரைக்கு அளவு சொல்லும்போது 'கண்ணிமை நொடி' என்றார். அந்த நொடி இன்றைய கடிகார நொடி அன்று. விரலை நொடிக்கும் நேரம். அதனையும் நான்காக்கி, 'உன்னல் காலே, ஊன்றல் அரையே, முறுக்கல் முக்கால், விடுத்தல் ஒன்றே' என்று ஒரு பழஞ்சூத்திரம் வழங்குகிறது. நினைக்கும்போதே கால் மாத்திரை கழிந்துவிடுகிறது என்பதைக் கூடலூர் அன்பர் தம் மில்லிநொடிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும். தட்டலுக்கு ஊன்றல், விடுதலுக்கு விடுத்தல் என்று அப்படியே எடுத்தாளலாம்.

கூடலூர் (வியாழன் மாலை)

உன்னல் முதல் விடுத்தல் வரை நான்கும் அருமை. உண்மையிலேயே இவற்றை உதவிப் பக்கத்தில் ஒரு பெட்டியாகப் போடலாம். ஆனால் கைம்மாறு என்பதில் கை மறைந்துபோனது நூற்றாண்டுகளின் வழக்கால். நாம் வெள்ளிக்கிழமை படைக்கும் சொல்லில் கை சனிக்கிழமைக்குள் மறையாது. அந்த மாணவி படிப்பது முதல் முறை. முதல் முறையில் கை என்றால் கைதான்.

கோத்தகிரி (வெள்ளி இரவு)

கோப்பு முடிந்தது. தலைப்பு 'இயக்குமுறை'. கருத்துச் சொன்னவர்களில் இருவர் ஆதரித்தோம், ஒருவர் மறுத்தார், கொடைக்கானல் ஆசிரியர் "எதையாவது போடுங்கள், கட்டையை மட்டும் விட்டுவிடாதீர்கள்" என்று தனிமடல் அனுப்பினார். கட்டை உள்ளே இருக்கிறது, மிதியும் இருக்கிறது. பேராசிரியரின் சூத்திரம் உதவிப் பக்கத்தின் அடியில் இடம்பெற்றுள்ளது. பெற்றோருக்கான தாளைத் தட்டச்சுச் செய்தவர் மட்டும் எல்லா இடத்திலும் 'இயங்குமுறை' என்று மாற்றிவிட்டார். தன்வினை பிறவினை பேச இரவு பத்து மணிக்கு எனக்கு வலுவில்லை. க்கு என்று பேனாவால் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

கோத்தகிரி (ஞாயிறு)

நிகழ்ச்சி நன்றாக நடந்தது. ஒன்றைக் கவனித்தேன். ஒரு பிள்ளையும் இயக்குமுறை என்று வாயால் சொல்லவில்லை. வரிசையில் நின்றபடி, "நீ எதுல வாசிக்கிற?" என்றே ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். "கட்டையில", "தொடுறதுல" என்றார்கள். "நான் மிதியில" என்றாள் எட்டாம் வகுப்பு மாணவி. 'விளையாடுற' என்றுகூட யாரும் சொல்லவில்லை; 'வாசிக்கிற' என்றார்கள். வீணையில் வாசித்தார் என்றுதானே நாமும் சொல்கிறோம், வீணையால் என்பதில்லையே. அடுத்த பதிப்பில் தலைப்பையே 'எதில் வாசிக்கிறாய்?' என்று மாற்றிவிடலாமா என்று யோசிக்கிறேன்.

குன்னூர் (ஞாயிறு இரவு)

'எதில்' என்பது ஏழாம் வேற்றுமை ஏற்ற வினாப்பெயர். கேள்வி கலைச்சொல் ஆகாது. அதனோடு 'திருத்தம்' என்பதை எப்படி ஒட்டுவீர்கள் என்று கூடலூர் அன்பரே கேட்பார். அடுத்த பதிப்புக்கான பட்டியலில் கைவழியையும் சேர்த்து வைக்க வேண்டுகிறேன்.