பாஸ் படங்கள்: நிறம் பூசிறதை ஒருக்கா நிப்பாட்டுங்கோ

அன்பான ஊர் உறவுகளுக்கு,

பெரியம்மாவின்ர தகரப்பெட்டியில இருந்த எங்கட ஊர்ப் பாஸின்ர (யேசுவின்ர பாடுகளைக் காட்டிற நாடகத்தின்ர) ஒன்பது கறுப்பு-வெள்ளைப் படங்களைப் போன கிழமை ஸ்கான் பண்ணி அனுப்பினனான். அண்டிரவே பாரிஸிலிருந்து ஒரு தம்பி, ஒண்டுக்குச் செயலியால நிறம் பூசி, ஓரத்தையும் வெட்டி, ஊர்ச் சிறப்பு மலருக்கு இதுதான் அட்டைப்படம் எண்டு எழுதியிருக்கிறார். ஆர்வத்தைக் குறை சொல்லேல்ல. ஆனா அதில பிலாத்துவுக்கு முன்னால நிக்கிற யேசுவின்ர உடக்கைப் (பாவையைப்) பாருங்கோ. மேல போர்த்தியிருக்கிற துணி கன்னங்கரேல் எண்டு கிடக்கு.

பெரியம்மாவுக்கு இப்ப 91 வயசு. வீடியோவில காட்டினன். விழுந்து விழுந்து சிரிச்சா. "கறுப்போ? அது என்ர கலியாணக் கூறையடா! பாஸ் பழக்கிற அண்ணாவியார் இரவல் வாங்கி, மெழுகுதிரி ஒழுக்கித் திருப்பித் தந்தவர்."

கூறை சிவப்பு. சுவிசேஷத்திலயும் செந்நிற மேலாடைதான். பிறகு ஏன் கறுப்பு? அந்தக் காலத்து ரோல் பிலிமுகளில கனக்க, சிவப்பைப் பிடியாது; படத்தில அது கறுப்பாத்தான் விழும். கொடாக் வெரிக்ரோம் அப்பிடிப்பட்ட பிலிம்தான். 1956 இல வெரிக்ரோம் பான் வந்தாப் பிறகுதான் அதில சிவப்பும் பதிஞ்சது. அதால இந்தப் படங்கள் ஐம்பதுகளின்ர நடுப்பகுதியிலயோ அதுக்கு முன்னமோ எடுத்ததாயிருக்கும் எண்டு நினைக்கிறன். பெரியம்மாவின்ர கலியாணக் கணக்கும் ஒத்துவருது. இன்னொண்டு: அந்தப் பிலிமில எங்கட தோல் இருக்கிறதைவிடக் கறுப்பாத்தான் விழும். ஆகவே "இது எங்கட அப்பு, அது உங்கட அப்பு" எண்டு நிறத்தை வைச்சுச் சண்டை பிடியாதேங்கோ.

இனி அந்த வெட்டின ஓரம். இடப்பக்கம் மேடைக்குக் கீழ மூண்டுபேர் குனிஞ்சு நிண்டு கயிறு பிடிக்கினம், உடக்கின்ர கையைத் தூக்க. ஒராளின்ர வாயில பீடி. பெரிய வெள்ளி, ஊரே ஒருசந்தி விரதம்! வலப்பக்கம் பெற்றோமாக்ஸுக்குக் கிட்ட ஒருவர் புத்தகம் விரிச்சு வாசிக்கிறார். யேசுவின்ர பாடுகளைச் சொல்லி அழுகிற வியாகுலப் பிரசங்கம்தான். கோவாவிலிருந்து 1705 இல இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வேஸ் சுவாமி தமிழில எழுதினது. வாசிக்கிறவர் ஒப்பாரி ராகத்தில இழுக்க இழுக்கத்தான் கீழ நிக்கிறவை கயிறை இழுப்பினமாம். வாசிப்புப் பிந்தினா சிலுவையும் பிந்தும். மன்னார்ப் பேசாலை உடக்குப் பாஸ் அளவுக்கு எங்கட ஊருக்குப் பேரில்லைத்தான். ஆனா பாஸை நடத்தினவை இந்த ஓரத்தில நிக்கிறவைதான். அவையை வெட்டிப்போட்டு பிலாத்துவை நடுவில வைச்சால், மிஞ்சிறது தாடி ஒட்டின ஒரு சம்மாட்டி (மீன்பிடி முதலாளி).

மலருக்குப் போடுறதெண்டா முழுப்படமா, இருக்கிற நிறத்திலயே போடுவம். கீழ ஒரு வரியில கூறைக் கதையை எழுதினால் காணும்.

வீடுகளில வேற படங்கள் இருந்தா ஆகக்குறைஞ்சது 600 டிபிஐயில ஸ்கான் பண்ணுங்கோ, பின்பக்கத்தையும் சேர்த்து. ஈரத்துணியால துடைக்காதேங்கோ, லமினேட் பண்ணவே வேண்டாம். எழுதிறதெண்டா பின்னால பென்சிலால மெல்லமா.

1990 இல வள்ளமேறி இராமேஸ்வரம் போன ஒரு குடும்பத்திட்ட ஆசந்திப் பவனிப் (யேசுவின்ர சடலத்தைப் பாடையில கொண்டுபோற ஊர்வலப்) படம் ஒண்டு இருந்ததாம். பெரியம்மா அதில கூட்டத்தோட நிக்கிறாவாம், மெழுகு பட்ட அந்தக் கூறையோட. ஆரிட்டை இருக்கெண்டாலும் எனக்கு ஒரு வரி போடுங்கோ. அவ தினமும் கேக்கிறா.

அன்புடன்,
கோயிலடி வீட்டுக்காரன், ஸ்காபரோ