கப்பல் பயணத்தில் இரவுணவுக்கு ஆண்கள் என்ன உடுத்துவது? வேட்டி சால்வை பொருந்துமா?

உப்புவெளியான் எழுதியது:

வணக்கம் உறவுகளே. வங்கியொன்றில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்று, இப்போது திருகோணமலை உப்புவெளியில் வசித்து வருகிறேன். இலண்டனில் இருக்கும் மகன், வரும் ஓகஸ்ட் மாதம் சவுதாம்ப்டனிலிருந்து நோர்வேக்குச் சென்று திரும்பும் ஏழிரவுக் கப்பல் பயணமொன்றை எனக்கும் மனைவிக்குமாகக் கியூனார்ட் நிறுவனத்தில் பதிவு செய்திருக்கிறார். பயணம் பற்றிய மகிழ்ச்சியைக் காட்டிலும் அவர் அனுப்பிவைத்த உடை விதிகள் பற்றிய கலக்கமே எனக்குப் பெரிதாக இருக்கிறது. மாலை ஆறு மணிக்குப் பின் 'ஸ்மார்ட்' உடை என்றும், ஏழு இரவுகளுள் இரண்டு 'காலா' எனப்படும் விழா இரவுகள் என்றும், அவ்விரவுகளில் ஆண்கள் டக்சீடோ என்னும் விருந்துக் கோட் உடையோ கருநிற சூட்டோ அணிய வேண்டும் என்றும் மகன் கூறுகிறார்.

திருமண வரவேற்புக்குத் தைத்த கோட்டைத் தவிர வேறு கோட் என்னிடம் இருந்ததில்லை. அதுவும் 1990ஆம் ஆண்டு இடப்பெயர்வோடு போய்விட்டது. அதன் பிறகு கோயிலுக்கும் கல்யாண வீட்டுக்கும் வேட்டி சால்வை, அலுவலகத்துக்கு நீளக் காற்சட்டையும் அரைக்கைச் சேட்டும் என்றே காலம் போயிற்று. இரண்டு இரவுகளுக்காக ஒரு சூட் தைக்கத்தான் வேண்டுமா? பட்டு வேட்டியும் சால்வையும் அணிந்து சென்றால் வாசலில் மறித்து விடுவார்களா? மற்ற ஐந்து இரவுகளுக்கு எது போதுமானது? மனைவிக்கு இந்தக் கவலையே இல்லை. ஒரு காஞ்சிபுரமும் இரண்டு சாதாரணச் சேலைகளும் எடுத்து வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

கடலோடி எழுதியது:

ஐயா, நான் பதினொரு ஆண்டுகள் பயணிகள் கப்பல்களின் உணவு மண்டபங்களில் பரிமாறுநராக வேலை செய்தவன். இந்தக் கேள்விக்கு எல்லாக் கப்பல்களுக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. நோர்வீஜியன் குரூஸ் லைன் கப்பல்களில் காலா இரவு போன்ற, விழா உடை கட்டாயமான முறைசார் இரவு என்று எதுவும் இல்லை. செலிபிரிட்டி நிறுவனம் 2015இல் தன்னுடைய முறைசார் இரவுகளைக் கைவிட்டுச் சற்றுத் தளர்வான ஏற்பாட்டுக்கு மாறிக்கொண்டது. கார்னிவல் கப்பல்களில் அத்தகைய இரவுகள் இருந்தாலும் நல்லதொரு சேட்டும் நீளக் காற்சட்டையும் அணிந்து அமர்ந்துவிடலாம். உங்கள் மகன் தெரிவு செய்திருப்பதோ இந்த விடயத்தில் பழைய மரபை இன்றும் இறுக்கமாகப் பற்றிக்கொண்டிருக்கும் நிறுவனங்களுள் ஒன்று.

ஆனால் மகன் விதிகளை முழுமையாக வாசிக்கவில்லை என்று நினைக்கிறேன். காலா இரவுக்கு டக்சீடோ, டின்னர் ஜக்கெட், கழுத்துப்பட்டியோடு கருநிற சூட் ஆகியவற்றைக் கூறும் அதே இடத்தில், முறைசார் தேசிய உடையும் ஏற்கப்படும் என்று அந்நிறுவனம் குறிப்பிடுகிறது. ஸ்கொட்லாந்துக்காரர் பாவாடை போன்ற கில்ட் அணிந்து வருவது அந்த இரவுகளில் வழமையான காட்சி. ஆகவே வேட்டி சால்வைக்குக் கதவு திறந்தே இருக்கிறது. மற்ற இரவுகளில் கழுத்துப்பட்டி தேவையில்லை. கொலர் வைத்த நீளக்கைச் சேட்டும் நல்ல நீளக் காற்சட்டையும் மேலே ஒரு தனிக் கோட்டும் இருந்தால் எவரும் குறை காண மாட்டார்.

வாசலில் நின்றவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன்: துணியின் விலையை நாங்கள் பார்ப்பதில்லை, முதலில் காலைப் பார்ப்போம். நாங்கள் மறித்து அனுப்பியவர்களுள் மிகப் பெரும்பாலோர் நீச்சல் தடாகத்திலிருந்து அரைக் காற்சட்டையும் கையில்லாப் பனியனும் இறப்பர்ச் செருப்புமாக நேரே வந்தவர்களே. உடுத்த அலுப்பாக இருக்கும் இரவில் பஃபே மண்டபத்தில் சாதாரண உடையோடு சாப்பிடலாம். அதை யாரும் தாழ்வாக நினைப்பதில்லை. முதல் இரவு பற்றியும் கவலை வேண்டாம். பயணப்பொதிகள் அறைக்கு வந்து சேரத் தாமதமாகும் என்பதால் முதல் இரவைத் தவிர்த்து, காலா இரவுகளைப் பெரும்பாலும் கப்பல் கரை தொடாத நாட்களிலேயே வைப்பார்கள். இருந்தாலும் அன்றைய மாலைக்கான ஒரு மாற்றுடையைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாலையூற்றான் எழுதியது:

மூன்று ஆண்டுகளுக்கு முன் வேறொரு நிறுவனத்தின் கப்பலில் பட்டு வேட்டியோடு முறைசார் இரவுக்குச் சென்றவன் என்பதால் எழுதுகிறேன். வாசலில் நின்ற இளைஞர் என் வேட்டியைக் கடற்கரையில் சுற்றிக்கொள்ளும் துணி என்று எண்ணிச் சற்றுத் தயங்கினார். மேற்பார்வையாளர் வந்து ஒரு பார்வை பார்த்ததும் மன்னிப்புக் கேட்டு உள்ளே அழைத்துச் சென்றார். அந்த ஒரு நிமிடச் சங்கடத்தைத் தவிர்க்க, மகனை இப்போதே நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதச் சொல்லுங்கள். நீங்கள் அந்த உடையில் நிற்கும் படமொன்றையும் இணைத்து, வரும் பதிலைக் கைப்பேசியில் வைத்திருங்கள்.

தேசிய உடை என்றால் முழுமையாக இருக்க வேண்டும். அகலக் கரை வைத்த எட்டு முழப் பட்டு வேட்டி, நீளக்கை நெஷனல் மேற்சட்டை, மடித்துத் தோளில் போட்ட சால்வை ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் அது விழா உடையாகத் தெரியும். நாலு முழ வேட்டி மண்டபத்து விளக்கொளியில் கால் தெரிய நிற்கும். உள்ளே ஒரு பெல்ட் கட்டிக்கொள்ளுங்கள். கப்பல் ஆடும்போது ஒரு கையால் கைப்பிடியையும் மறு கையால் இடுப்பையும் பிடித்துக்கொண்டு நடப்பது அழகில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, படியேறும்போது பழக்கதோஷத்தில் வேட்டியை மடித்துக் கட்டிவிடாதீர்கள். அந்தக் கணமே அது கடலோடி அண்ணா சொன்ன அரைக் காற்சட்டைக் கணக்கில் சேர்ந்துவிடும்.

அறைக்குள் ஸ்திரிக்கைப் பெட்டி வைத்திருக்கத் தீ அபாயம் கருதி அனுமதிப்பதில்லை. கியூனார்ட் கப்பல்களில் பயணிகள் தாமே துவைத்து ஸ்திரி போட்டுக்கொள்ளும் அறைகள் உண்டு; காலா இரவன்று மாலை அங்கே கூட்டமாயிருக்கும் என்பதால் காலையிலேயே போய்விடுங்கள்.

மத்தியவீதி எழுதியது:

மேலே எழுதிய இருவரோடும் சிறிது மாறுபடுகிறேன். வேட்டி ஏற்கப்படும் என்பது உண்மைதான். ஆனால் ஐயா போவது நோர்வேக்கு. ஓகஸ்ட் மாதமானாலும் அங்கே மாலையில் மேல்தளத்துக் காற்று நம்முடைய கச்சான் காற்றைப் போல் இருக்காது. உணவு மண்டபத்துக்குள்ளும் குளிரூட்டியின் குளிர் இருக்கும். ஒரு காலா இரவுக்கு வேட்டியும் மற்றையதற்கு சூட்டுமாக வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம் என்பது என் கருத்து. டக்சீடோவைப் பற்றி நினைக்கவே வேண்டாம். மினுங்கும் பட்டுக் கொலரும் போ கழுத்துப்பட்டியும் கொண்ட அந்த உடையைத் திருகோணமலையில் மறுபடி எங்கே அணியப் போகிறீர்கள்? கருநீலத்திலோ அடர்சாம்பலிலோ ஒரு சூட் இருந்தால் காலா இரவுக்கு அது முழுதாகப் பயன்படும். மற்ற இரவுகளில் அதன் கோட்டை மட்டும் வேறு காற்சட்டையோடு அணியலாம். ஊர் திரும்பிய பின் பேரப்பிள்ளைகளின் கல்யாணத்துக்கும் கிடக்கும்.

ஆயத்தக் கோட் வாங்குவதானால் தோளை மட்டும் பாருங்கள். கையின் நீளத்தையும் இடுப்பின் அகலத்தையும் எந்தத் தையற்காரரும் திருத்தித் தருவார். தோள் பொருந்தாவிட்டால் அதைத் திருத்துவதைவிடப் புதிதாகத் தைப்பது எளிது. தைப்பதானால் முழுப் பொலியெஸ்டர் துணியை எடுக்காமல் கம்பளி கலந்ததை எடுங்கள். அது பெட்டிக்குள் கசங்கினாலும் ஓர் இரவு தொங்கவிட்டால் பெரும்பாலும் நேராகிவிடும்.

இன்னொரு செய்தி. 1957 வரை நமது துறைமுகம் பிரித்தானியக் கடற்படையிடம் இருந்தது அல்லவா? வெப்பநாடுகளில் இருந்த அந்த அதிகாரிகளுக்கே இரவுணவுக் கோட் தாங்க முடியாமற்போய், கோட்டைக் கழற்றிவிட்டு வெள்ளைச் சேட்டும் கறுப்புக் காற்சட்டையும் இடுப்பில் அகலமான பட்டியுமாக உண்ணும் வழக்கமொன்றை வைத்திருந்தார்கள். செங்கடல் உடை என்பது அதன் பெயர். இடுப்பில் கட்டும் அந்தக் கமர்பந்து, பெயரும் பொருளுமாக இந்தியாவிலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்டது. இடுப்பில் சால்வை கட்டிக் கோணேசரை வலம் வருகிற நமக்கு அதில் புதுமை ஏதுமில்லை. இருந்தாலும் சவுதாம்ப்டன் கப்பலில் அந்தச் சலுகையை எதிர்பார்த்துக் கோட் இல்லாமல் போய்விடாதீர்கள்.

உப்புவெளியான் எழுதியது:

மூவருக்கும் நன்றி. மகனைக் கேட்டபோது, தேசிய உடை பற்றிய வரியைத் தான் கவனிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார், மின்னஞ்சலும் அனுப்பிவிட்டார். முதல் காலா இரவுக்கு வேட்டியும் இரண்டாவதற்கு சூட்டும் என்று தீர்மானித்து, நேற்றுக் கருநீலத் துணி எடுத்துத் தையற்காரரிடம் அளவும் கொடுத்துவிட்டேன். எஞ்சியிருப்பது காலணி மட்டுமே. வேட்டியோடு தோற்செருப்பு அணியலாமா, அங்கேயும் சப்பாத்துத்தானா?

கடலோடி எழுதியது:

நல்ல தோற்செருப்பை வேட்டியோடு ஏற்றுக்கொள்வார்கள் என்றாலும், பின்பட்டி வைத்து விரல் மூடியதாகப் பார்த்து வாங்குங்கள்; ஈரமான தளத்தில் வெறும் செருப்பு வழுக்கும். சூட்டுக்குக் கயிறு கட்டும் கறுப்புச் சப்பாத்தும், உட்காரும்போது தோல் தெரியாத அளவுக்கு நீளமான கறுப்புக் காலுறையும் வேண்டும். சப்பாத்தை இன்றைக்கே வாங்கித் தினமும் அரைமணி நேரம் வீட்டுக்குள் போட்டு நடவுங்கள். உப்புவெளி மணலில் வெறுங்காலோடு நடந்து பழகிய கால்களுக்குப் புதுச் சப்பாத்து பழக ஒரு மாதமாவது எடுக்கும்.