தெர்பிலிக்: தமிழில் என்ன சொல்வது?

வணக்கம்.

பணி ஆய்வுச் சொற்களில் (வேலை செய்யும் முறையையும் அதற்காகும் நேரத்தையும் ஆராயும் துறை அது) இன்னும் ஒலிபெயர்ப்பாகவே நிற்பது தெர்பிலிக். கை செய்யும் எந்த வேலையையும் பிரித்துக்கொண்டே போனால் கடைசியில் எஞ்சும் அடிப்படை வகைகளுக்கு ஃபிராங்க் கில்பிரெத், லில்லியன் கில்பிரெத் இணையர் இட்ட பெயர் அது. தங்கள் குடும்பப் பெயரையே தலைகீழாக்கினார்கள். ஈற்றிலுள்ள இரண்டெழுத்து சேர்ந்து ஓரொலி என்பதால் அதை மட்டும் புரட்டவில்லை.

எடுத்துக்காட்டு: தாங்கியில் செருகிய பேனாவை எடுத்து எழுதுதல். வெறுங்கை பேனாவை நோக்கிப் போகிறது, பற்றுகிறது, தாளுக்குக் கொண்டுவருகிறது, முனையை இடம் பார்த்து வைக்கிறது, எழுதுகிறது, திரும்பக் கொண்டுபோகிறது, அடுத்த முறை எடுக்கத் தோதாகத் தாங்கியில் செருகுகிறது, விடுகிறது, வெறுங்கையாகத் தாளுக்குத் திரும்புகிறது. இப்படிப்பட்ட வகைகள் மொத்தம் 18. ‘கண்டுகொள்ளல்’ என்பதைத் தேடலின் முடிவாக மட்டும் கருதுவோர் 17 என்பார்கள்.

மொழியியலில் ஒலியின் அடிப்படை அலகை ஒலியன் என்றும் பொருள் தரும் மிகச்சிறு அலகை உருபன் என்றும் சொல்கிறோமே, அந்த வழியில் ‘அசைவன்’ என்று முன்மொழிகிறேன்.

*

> ஒலியன், உருபன் என்ற வழியில் ‘அசைவன்’

ஐயா, வடிவம் அழகாக இருக்கிறது, பொருள்தான் இடிக்கிறது. அந்தப் பதினெட்டில் அசையாதவை எத்தனை என்று பாருங்கள்: பிடித்திருத்தல், திட்டமிடல், இளைப்பாறல், இரண்டு வகைத் தாமதங்கள். சரிபார்த்தலிலும் பெரும்பாலும் கண்ணுக்குத்தான் வேலை.

இது வெறும் சொல் நுணுக்கமன்று. மரையாணியில் வளையங்களைக் கோக்கும் வேலையை எடுத்துக்கொள்வோம். இடக்கை ஆணியைப் பிடித்தபடி நிற்கும், வலக்கை ஒவ்வொன்றாக மாட்டும். ‘அசைவு’ என்ற சொல்லோடு பழகியவர், இரு கைகளின் வேலையையும் தனித்தனிப் பத்தியில் குறிக்கும் வரைபடத்தில், இடக்கைப் பத்திக்கு வந்ததும் ‘தாமதம்’ என்று குறித்துவிடுவார். தாமதம் என்று எழுதினால் அடுத்த கேள்வி ‘ஏன் காத்திருக்கிறது?’ என்பது. பிடித்திருத்தல் என்று எழுதினால் கேள்வியே வேறு: ‘கைக்குப் பதில் எது பிடிக்கலாம்?’ விடை, ஒரு பிடிசட்டம். அதைப் பொருத்திய பின் இரண்டு கையும் ஒரே நேரத்தில் இரண்டு ஆணிகளுக்குக் கோக்கலாம். கையைப் பிடிகருவியாக வீணாக்காதே என்பது இத்துறையின் பாலபாடம். அதை மறைக்கிற சொல் வேண்டாமே.

‘பணிக்கூறு’ என்று யாராவது சொல்லும் முன்பே மறுத்துவிடுகிறேன். அது நேர ஆய்வில், நிறுத்துகடிகாரத்தால் அளக்கக்கூடிய துண்டுக்கு வேண்டும். பயிற்சி பெற்றவரின் கண்ணுக்கும் சுமார் 0.04 நிமிடத்துக்குக் கீழே அது எட்டாது. தெர்பிலிக் அதைவிடப் பொடி.

*

தெர்பிலிக்கை அப்படியே வைத்துக்கொண்டால் என்ன? வாட், ஓம், ஆம்பியர் எல்லாவற்றையும் ஆளின் பெயராகவே ஏற்றுக்கொண்டோம். இது இருவர் பெயர். அதிலும் லில்லியனின் பெயர் ஏற்கெனவே ஒருமுறை மறைக்கப்பட்டது. 1914-இல் வந்த அவருடைய மேலாண்மை உளவியல் நூலில் ஆசிரியர் பெண் என்று தெரியாதபடி முதலெழுத்துகள் மட்டுமே இருந்தன. நாமும் மறைப்பானேன்?

தமிழாக்கியே தீரவேண்டும் என்றால் ‘வினையசை’. எழுத்து சேர்ந்து அசை, அசை சேர்ந்து சீர், சீர் சேர்ந்து அடி. தெர்பிலிக் சேர்ந்து பணிக்கூறு, கூறு சேர்ந்து பணி. யாப்பு தெரிந்தவருக்கு விளக்கமே வேண்டாம்.

*

> வாட், ஓம், ஆம்பியர்

அவை அளவைகள். ‘ஐந்து வாட்’ என்றால் இத்தனை என்று பொருள். ‘ஐந்து தெர்பிலிக்’ என்றால் நேரமும் தெரியாது, தூரமும் தெரியாது. ஐந்து நிகழ்வு, அவ்வளவுதான். வகைப்பெயரைப் பொருள் விளங்கச் சொல்வதே முறை. புரட்டிப் போட்ட வேடிக்கையும் தமிழில் நிற்காது: ‘கில்பிரெத்’தைப் புரட்டினால் ‘த்ரெபில்கி’. மெய்யெழுத்து மொழிமுதல் வராது என்று நன்னூலார் முதல் வரியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்.

வினையசை எனக்கும் பிடித்தது. ஆனால் யாப்பு படிக்காத தொழிற்பயிற்சி மாணவர் ‘அசை’யை அசைவு என்றே கொள்வார், பழைய சிக்கல் கொல்லைப்புறமாக நுழையும்.

என் பரிந்துரை: நுண்வினை. இலக்கணத்தில் இரு, நில், பொறு, ஓய் எல்லாமே வினைதான். அசையாமல் பிடித்திருப்பதும் இதில் அடங்கும். ‘நுண்ணசைவு ஆய்வு’ என்பதைப் படமெடுத்துச் செய்யும் ஆய்வுக்கு விட்டுவிடலாம். ‘இயக்க ஆய்வு’ வேண்டாம். எந்திரத்தை இயக்குவதா, அரசியல் இயக்கமா என்ற குழப்பம் போதும்.

சொல்லைச் செங்கல் அடுக்கலில் உரசிப் பார்த்தேன். ஃபிராங்க் 1885-இல் கொத்து வேலை பழகச் சேர்ந்து, ஒரு கல்லுக்கு 18 அசைவு என்றிருந்ததை ஐந்தாக்கினார். சில வேலைகளில் அதற்கும் கீழே. ஆளுக்கு மணிக்கு 120 கல் என்றிருந்தது 350 ஆனது. கொத்தனார் வேகமாகக் கையாட்டியதால் அன்று. கல்லின் நல்ல முகத்தைச் சித்தாளே பார்த்துச் சட்டத்தில் அடுக்கித் தந்தார்: தேடலும் தெரிந்தெடுத்தலும் போயின. சுவர் உயர உயரச் சாரமேடையும் உயர்ந்தது: ஒவ்வொரு கல்லுக்கும் குனிந்து நிமிர்வது போனது. சாந்தின் பதம் சரியாக இருந்தால் கையால் அழுத்தினாலே கல் அமரும். கெட்டியானால் கரண்டியால் தட்ட வேண்டிவரும், மிச்சம் பிடித்தது அங்கே கரைந்துவிடும். ‘எந்த நுண்வினை போனது?’ என்று கேட்கும்போது சொல் இயல்பாகவே உட்காருகிறது.

வகைப் பெயர்களில் நான்கு மட்டும் பேசவேண்டியவை. ‘தேர்தல்’ வேண்டாம், வாக்குச்சாவடி நினைவு வரும்; தெரிந்தெடுத்தல். பொருளைச் சரியான கோணத்துக்குத் திருப்பி வைப்பது நேர்ப்படுத்தல். அடுத்த முறைக்குத் தோதாக முன்கூட்டியே வைப்பது முன்நேர்ப்படுத்தல் (ஒவ்வொரு வகைக்கும் ஒரு படக்குறியீடு உண்டு; இதற்கு மூலத்தில் பந்துருட்டு விளையாட்டின் நிறுத்திவைத்த கட்டை). ஓய்வு என்பதைவிட இளைப்பாறல் பொருந்தும். களைப்பு நீங்குவதற்கான ஓய்வு என்பதே கில்பிரெத் இணையரின் வரையறை. நம் சொல்லோ இளைப்பு ஆறுவது என்று தானே சொல்லிவிடுகிறது. குறியீடுகளை மாற்றவேண்டாம். உட்கார்ந்த மனிதன் இளைப்பாறல், படுத்த மனிதன் தவிர்க்கக்கூடிய தாமதம்; எந்த மொழியிலும் புரியும்.

லில்லியன் பெயரைப் பற்றிய வருத்தம் நியாயமானது. அகராதிப் பதிவின் விளக்கத்தில் இருவரையும் முழுப்பெயரோடு எழுதுவோம். 1924-இல் கணவர் இறந்தபின் அவர் 1972 வரை வாழ்ந்தார். 1935-இல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். இதே பகுப்பைச் சமையலறைக்கும் கொண்டுபோனார். காலால் மிதித்துத் திறக்கும் குப்பைத்தொட்டியும் குளிர்பெட்டிக் கதவின் உள்தட்டுகளும் அவர் பெயரில்தான் சொல்லப்படுகின்றன.

*

நுண்வினைக்கு என் ஒப்புதல். அசைவனைத் திரும்பப் பெறுகிறேன்.

கூடவே ஒன்றை முடித்துவிடலாம். கையால் சுழற்றும் படக்கருவியின் வேகம் சீராக இராது, படச்சுருளின் சட்டங்களை எண்ணி நேரம் கணக்கிட முடியாது. அதனால் கில்பிரெத் ஒரு கடிகாரத்தையே படத்துக்குள் வைத்தார். ஒரு நிமிடத்தை 2000 பங்காக்கிக் காட்டும். அந்தப் பங்கை, அதாவது 0.03 நொடியை, ‘விங்க்’ என்கிறார்கள். இதற்கு நாம் திண்டாடவே வேண்டாம்: மாத்திரையைக் கண்ணிமையாலும் கைநொடியாலும் அளந்தவர் தொல்காப்பியர். ‘நொடி’ இன்று வேறு அளவாகிவிட்டது. இமை காலியாகத்தான் இருக்கிறது. உண்மையில் கண் இமைக்க இதைப்போல் மூன்று மடங்குக்கு மேலாகும். அந்தக் குறை மூலச்சொல்லிலும் உண்டு.

இரு கைகளின் நுண்வினைகளையும் இமைக் கணக்கில் அருகருகே வரையும் படத்துக்கு உடன்நிகழ் வரைபடம் என்று போடுகிறேன். ‘இருகை வரைபடம்’ நேர அளவு இல்லாத எளிய படத்துக்கு இருக்கட்டும். மறுப்பிருந்தால் எழுதுங்கள்.