அகல மேக் வீல்: எங்கே உரசும், எது தளரும்

(மேக் என்றால் அலாய் சக்கரம். தென்னாப்பிரிக்காவின் நான்கு ஊர்களிலிருந்து நால்வர் சொல்வது, அவரவர் ஊர்ப்பெயரின் கீழ்.)

சாட்ஸ்வர்த்
ஃபோக்ஸ்வேகன் போலோ விவோ காரில் 185/60 ஆர்15 டயரை (அகலம் 185 மி.மீ., பக்கச்சுவர் அதில் 60 சதவீதம், ரிம் 15 அங்குலம்) கழற்றிவிட்டு 16 அங்குல மேக் போட வருகிறவர்கள் விலை கேட்பார்கள், டிசைன் கேட்பார்கள். ஆஃப்செட்டைக் கேட்பவர் அபூர்வம். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் (சக்கரம் மாட்டும் அச்சுமுனை) உட்காரும் முகம் எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்பதே அது; ரிம்மில் 'இடி' என்று குறித்திருக்கும். உரசலில் பாதி அந்த எண்ணில்தான் இருக்கிறது. 6ஜே (6 அங்குல அகலம்), இடி 40 ரிம் இருந்த இடத்தில் 7ஜே, இடி 35 மாட்டினால் சக்கரம் 17.7 மி.மீ. வெளியே வரும், உள்ளே ஸ்ட்ரட் (சஸ்பென்ஷன் தூண்) பக்கம் 7.7 மி.மீ. நெருங்கும். அகலம் ஓர் அங்குலம் கூடியதால் இருபுறமும் தலா 12.7 மி.மீ. இடி குறைந்த 5 மி.மீ. வெளிப்பக்கம் கூடும், உள்பக்கம் கழியும்.

தனியாக ஓட்டிப் பார்த்து "உரசவில்லை" என்று முடிவு கட்டாதீர்கள். ஈஸ்டர் வெள்ளியன்று இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்கு ஐந்து பேரும் பாத்திரங்களுமாக ஏறினால்தான் பின் ஃபெண்டரின் உள்மடிப்பு டயரின் தோளைச் சீவும். மடிப்பில் சுண்ணக்கட்டி தடவி, ஆள் ஏற்றி, ஒரு ஸ்பீட் ஹம்ப் தாண்டுங்கள். வெள்ளை எங்கே ஒட்டுகிறதோ அங்கேதான் வேலை. முன்பக்கம் ஸ்டீயரிங்கைக் கடைசிவரை ஒடித்து, முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்கவேண்டும்.

மடிப்பை உருட்டுவதானால் ஹீட் கன்னால் பெயின்டைச் சூடாக்கிவிட்டுத்தான். குளிர்ந்த பெயின்ட் வெடிக்கும். டர்பன் கடற்காற்றில் அந்த வெடிப்பு வழியாகவே துரு ஏறும்.

ஃபீனிக்ஸ்
சாட்ஸ்வர்த் அண்ணா சொன்னது சரி. ஆனால் உரசலாவது சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கும். போல்ட் அப்படியல்ல. விவோவின் ஒரிஜினல் போல்ட்டின் உட்காரும் முகம் உருண்டை. வெளியில் வாங்கும் மேக் பெரும்பாலும் 60 டிகிரி கூம்பு. உருண்டையைக் கூம்பில் முடுக்கினால் மெல்லிய கோடு அளவுக்கே பிடிக்கும், முடுக்கமும் சரியாக நிற்காது. எம்14 × 1.5 (விட்டம் 14, மரை இடைவெளி 1.5 மி.மீ.) கூம்பு போல்ட் தனியாக வாங்குங்கள்.

நீளமும் முக்கியம். கையால் திருகும்போதே சுற்றை எண்ணுங்கள். எட்டுக்குக் குறைந்தால் போல்ட் குட்டை. அளவுக்கு மீறி நீண்டால் பின் டிரம்முக்குள் நுனி முட்டும். அதனால் சக்கரத்தைத் தரையில் இறக்குமுன் கையால் சுழற்றிச் சத்தம் கேளுங்கள். பிறகு நட்சத்திர வரிசையில் (அடுத்தடுத்து அல்ல, எதிரெதிராக) 120 நியூட்டன் மீட்டருக்கு முடுக்குங்கள். 50 முதல் 100 கி.மீ. ஓடியபின் டார்க் ரெஞ்ச்சால் மறுபடியும் பார்க்கவேண்டும்.

இன்னொன்று, ஹப் வளையம்: ஹப்புக்கும் சக்கரத்தின் நடுத்துளைக்கும் உள்ள இடைவெளியை அடைப்பது. விவோ ஹப் 57.1 மி.மீ.; பல மேக்குகளின் நடுத்துளை 73.1. வளையம் இல்லாவிட்டால் சக்கரம் நடுமையத்தில் உட்காராமல் 100-120 வேகத்தில் ஸ்டீயரிங் ஆடும். ஃபிட்மென்ட் சென்டரில் எத்தனை முறை பேலன்ஸ் செய்தாலும் போகாது.

டோங்காட்
ஸ்டார்லெட் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்: முகப்பில் டொயோட்டா, அடியில் சுசூகி பலேனோ. நட்டு எம்12 × 1.25. டொயோட்டா என்ற பேரைப் பார்த்து 1.5 நட்டைக் கொடுத்துவிடுவார்கள். அது இரண்டு சுற்று ஏறி இறுகும், ஏர் கன்னால் அடித்தால் ஸ்டட்டின் (ஹப்பில் நிற்கும், நட்டு ஏறும் திருகுக்கம்பி) மரை போச்சு. பிசிடி (ஸ்டட்டுகள் நிற்கும் வட்டத்தின் விட்டம்) 4 × 100, அதாவது 4 ஸ்டட், 100 மி.மீ.; நடுத்துளை 54.1.

லெனேசியா
டயர் அளவைப் பற்றி யாரும் பேசவில்லையே. 185/60 ஆர்15 உயரம் 603 மி.மீ. 205/45 ஆர்16 போட்டால் 591, அதாவது 2 சதவீதம் குறைவு. ஸ்பீடோமீட்டர் அந்த அளவு கூட்டிக் காட்டும். 195/50 ஆர்16 என்றால் 601, பார்வைக்குக் கொஞ்சம் ஒல்லி, ஆனால் என் ஓட்டு அதற்கே. லோட் இன்டெக்ஸையும் (டயர் தாங்கும் எடையின் குறியெண்) படியுங்கள்: பழைய டயரில் 84 என்றால் 500 கிலோ, புதியதில் 83 என்றால் 487. 205/45இல் 87 எக்ஸ்எல் (கூடுதல் பளு தாங்கும் வகை) கிடைத்தால் அதையே எடுங்கள்.

17 அங்குலத்தில் 205/40 போட ஆசைப்படுகிற தம்பிகளுக்கு: பக்கச்சுவர் 111 மி.மீ.யிலிருந்து 82க்கு இறங்குகிறது. குழியில் இறங்கினால் ரிம்முக்கும் தாருக்கும் நடுவில் டயர் நசுங்கி உள்நூல் அறும், பக்கத்தில் கொப்புளம் எழும். அதற்குப் பஞ்சர் ஒட்டு கிடையாது, டயரையே மாற்றவேண்டும்.

உயரத்தில் இருக்கும் ஜோகன்னஸ்பர்க்கில் 2.2 பார் காற்று அடித்து என்3 நெடுஞ்சாலை வழியே டர்பனுக்கு இறங்கினால், டயர் ஆறியபின் அங்கே கேஜ் 2.0 தான் காட்டும். ஓட்டை எதுவும் இல்லை, கடல்மட்டத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் கூடுதல். பக்கச்சுவர் குட்டையான டயருக்கு அந்த 0.2 பெரிய விஷயம். டர்பனில் மறுநாள் காலை, வண்டியை எடுக்குமுன் ஏற்றிக்கொள்ளுங்கள்.