1.5 லிட்டர் டீசல் காரில் லிட்டருக்கு 11 கிலோமீட்டர்: வண்டியா, ஓட்டுகிறவர் காலா?

ஓஎம்ஆர்_வாசி:
நேற்று நாமக்கல்_லாரி அண்ணன் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "1.5 டீசலில் 11தான் வருகிறதென்றால் வண்டியில் ஒன்றுமில்லை, ஓட்டுகிறவர் காலில்தான் கோளாறு" என்கிறார். என் கார் பிஎஸ்6, அதாவது புதிய புகை விதிப்படி வந்தது. சோழிங்கநல்லூரிலிருந்து தரமணிக்கு ஆபீஸ், வழியெல்லாம் மெட்ரோ வேலை. டேங்க் நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்குப் போட்டேன். 220 கிலோமீட்டருக்கு 20 லிட்டர். பழைய பிஎஸ்4 வண்டியில் இதே கால், இதே சாலை, 15 வந்தது. டிபிஎஃப், அதாவது புகையில் வரும் கரியைப் பிடிக்கும் ஃபில்டர், அந்தக் கரியை எரித்துச் சுத்தமாக்கும் ரீஜென்தான் டீசலைக் குடிக்கிறது.

நாமக்கல்_லாரி:
தம்பி, பம்ப் தானாக நின்று ஆட்டோ கட் ஆனதும் நிறுத்தினீர்களா, வாய் வரை நிரப்பினீர்களா? டீசல் நுரைக்கும். வேகமாக விட்டால் நுரை நாசிலில் பட்டு முன்னாடியே கட் ஆகிவிடும். அதில் 2 லிட்டர் போய்விடும். இதைச் சொல்லாமல் 11 என்றால் அது கணக்கே இல்லை.

கோவை_சர்வீஸ்:
நுரை இருக்கட்டும். டிபிஎஃப்பில் சேரும் கரியை எரிக்க 600 டிகிரி சூடு வேண்டும். அதற்காகக் கூடுதல் டீசல் தெளிக்கிறது. ஊருக்குள் ஊர்ந்து போனால் ரீஜென் பாதியில் நின்று, மறுபடி ஆரம்பிக்கும். ஒவ்வொரு தடவையும் டீசல் வீண். ஐடிலில் ஆர்பிஎம் ஏறுகிறதா, வண்டியை அணைத்த பிறகும் ஃபேன் ஓடுகிறதா பாருங்கள். டிப்ஸ்டிக்கையும் பாருங்கள். எரியாத டீசல் இன்ஜின் ஆயிலில் இறங்கினால் அதில் ஆயில் மட்டம் கூடுதலாகக் காட்டும்.

நாமக்கல்_லாரி:
நான் கேட்டது நுரை. பதில் வந்தது டிப்ஸ்டிக்.

ஓஎம்ஆர்_வாசி:
ஆட்டோ கட்டில்தான் நிறுத்தினேன், இரண்டு தடவையும். 2 லிட்டரைக் கழித்துப் பாருங்கள் அண்ணா, 220ஐ 18ஆல் வகுத்தால் 12.2. மீதியும் நுரையா?

நாமக்கல்_லாரி:
இரண்டு தடவையும் ஒரே பங்கா? ஒரே பம்பா? முதல் தடவை நுரையில் சீக்கிரம் கட் ஆகி, அடுத்த தடவை ஆள் மெதுவாக விட்டிருந்தால் முழுக்கணக்கும் தப்பு. முப்பது வருஷமாக லாரி வைத்திருக்கிறேன், எனக்கு நுரை தெரியும்.

பொள்ளாச்சி_பெரியவர்:
எல்லாம் எத்தனால் கலப்பதால் வருவது. அரசாங்கத்தைக் கேளுங்கள்.

கோவை_சர்வீஸ்:
ஐயா, 20 சதவீத எத்தனால் கலக்கும் இ20 பெட்ரோலுக்கு. டீசலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பொள்ளாச்சி_பெரியவர்:
போன மாதம் டயர் காற்று விஷயத்திலும் என்னை இப்படித்தான் மட்டம் தட்டினீர்கள். மறக்கவில்லை.

கோவை_சர்வீஸ்:
டோர் ஓரத்தில் டயர் காற்று அளவு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும்போது 40 பிஎஸ்ஐ வைக்கச் சொன்னது நீங்கள்தானே ஐயா.

மதுரை_ஹைவே:
கம்பெனி 19 என்று சொல்லி விற்றதை யாருமே பேசவில்லையே? அந்த எண் லேபில் ரோலர் மேல் ஓட்டி எடுப்பது. ஏசி கிடையாது, சிக்னல் நெரிசல் கிடையாது, வேகம் 90ஐத் தாண்டாது. ஓஎம்ஆரில் 19 எதிர்பார்ப்பதே தப்பு. என் வண்டி மீட்டரில் 21 காட்டுகிறது, நான் பீற்றிக்கொள்கிறேனா?

ஓஎம்ஆர்_வாசி:
இப்போது பீற்றிக்கொண்டதுதானே அது! நான் 19 கேட்கவே இல்லை. 15 வந்த காலுக்கு 11 ஏன் என்று கேட்டேன். பிரேக் ஜாம் இல்லை, ஏர் ஃபில்டர் புதுசு, டர்போ ஹோஸில் கசிவு இல்லை. சர்வீஸில் "எல்லாம் நார்மல் சார்" என்று அனுப்பிவிட்டார்கள்.

கோவை_சர்வீஸ்:
இன்ஜின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் வால்வு திறந்தபடியே சிக்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜின் சூடேறாவிட்டால் ரீஜென் ஒழுங்காக நடக்காது, டீசலும் கூடப் போகும். அப்புறம் வாரம் ஒரு தடவை ஈசிஆரில் அரை மணி நேரம் சீராக ஓட்டுங்கள்.

நாமக்கல்_லாரி:
அரை மணி நேரம் சும்மா ஓட்ட டீசல் யார் அப்பன் வீட்டுக் காசு? முதலில் டேங்கை வாய் வரை, மெதுவாக, நுரை அடங்க அடங்க நிரப்பச் சொல்லுங்கள். எண்ணே தெரியாமல் தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவார்களாம்.

ஓஎம்ஆர்_வாசி:
லாரிக் கணக்கை என் காரில் போடாதீர்கள் அண்ணா.

நாமக்கல்_லாரி:
லாரியைப் பற்றிப் பேசாதீர்கள் தம்பி. உங்கள் வீட்டு அரிசி லாரியில்தான் வருகிறது. எந்த பங்க் என்று கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை.

பொள்ளாச்சி_பெரியவர்:
அந்த 40 பிஎஸ்ஐ லோடு ஏற்றினால் வைக்கச் சொன்னது. திரித்துப் பேச வேண்டாம்.