பதில் கேட்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்து: உங்களுக்கும் நடந்திருக்கா?

கப்பல்பையன்:
கருங்கடல் பக்கம் சரக்குக் கப்பல், ரஷ்யா-உக்ரைன் சண்டைக்கு முந்தைய வருசம். ஜனவரி 7, அப்ப உக்ரைன்ல கிறிஸ்துமஸ் அன்னிக்குத்தான். காலை மெஸ்ஸுக்குள் நுழையறேன், எங்க போசன் (டெக் ஆட்களுக்கு மேஸ்திரி), உக்ரைன்காரர், கையைப் பிடிச்சுக்கிட்டு "க்ரிஸ்தோஸ் நரோதிவ்ஸ்யா!" என்றார். "ஹேப்பி கிறிஸ்துமஸ் போசன்" என்றேன். கையை விடலை. மறுபடி அதையே, இன்னும் சத்தமா. பின்னாடி நின்ன மோட்டார்மேன் "ஸ்லாவிமோ யோஹோ"னு காதுல ஓத, அதை நான் சொன்ன பிறகுதான் கை விட்டது. 'கிறிஸ்து பிறந்தார்' என்றால் 'அவரைப் போற்றுவோம்'. சலாமுக்குப் பதில் சலாம் மாதிரி. கூகுள்ல வாழ்த்து கிடைக்கும், இந்தப் பதிலை யார் சொல்லித் தருவா?

குளிர்கோட்டு:
போலந்து, கிராக்கோ. தோழி வீட்டுல டிசம்பர் 24 ராத்திரி. "வெசோவிக் ஷ்வியோந்த்" மனப்பாடம் பண்ணிட்டுப் போயிருந்தேன். வாசல்லயே செலவாயிடுச்சு! சாப்பாட்டுக்கு முன்னாடி ஆளுக்கொரு ஒப்வாதெக். காகிதம் போல மெல்லிசான அப்பம், மேலே குழந்தை இயேசு படம் பதிச்சிருக்கும். பாட்டி என் அப்பத்துல ஒரு துண்டு ஒடிச்சு, கண்ணைப் பார்த்துப் பேச ஆரம்பிச்சாங்க. என் பரீட்சை, நாகர்கோவில்ல இருக்கிற அம்மாவோட முட்டிவலி, எல்லாம் அதுல வந்தது. அடுத்த ஆளுக்கு வேற வாழ்த்து. இதை எந்தக் கார்டுல அச்சடிப்பீங்க?

மெட்ராஸ்ராஜா:
கப்பல்பையன், ஜனவரி 7 பழைய கதை. 2023 சட்டத்துல உக்ரைன் அந்த விடுமுறையையே எடுத்தாச்சு, இப்ப டிசம்பர் 25தான். எனக்குக் கொழும்பு ஆபீஸ்ல சிங்கள மேனேஜர் "சுப நத்தலக் வேவா" என்றார், நானும் அதையே சொன்னேன், முடிஞ்சது. மத்தவங்க குறிச்சுக்கோங்க: ரஷ்யர்களுக்கு இன்னும் ஜனவரி 7. ஆர்மீனியர்களுக்கு ஜனவரி 6, "கிறிஸ்து பிறந்து வெளிப்பட்டார்"னு சொல்வாங்க, அதுக்கும் தனிப் பதில் உண்டு. பிரேசில் கிளையண்டுக்கு "ஃபெலிஸ் நவிதாத்" அனுப்பாதீங்க, அது ஸ்பானிஷ். அவங்களுக்கு "ஃபெலிஸ் நத்தால்". முதல்ல ஆள் எந்தச் சபைனு விசாரிங்க, பிறகு தேதி, கடைசியா மொழி.

கப்பல்பையன்:
'சண்டைக்கு முந்தைய வருசம்'னு முதல் வரியிலேயே இருக்கு சார்.

யாழ்மகள்:
ராஜா அண்ணா, அந்த நத்தலும் பிரேசில் நத்தாலும் ஒண்டுதான், போர்த்துக்கேயர் விட்டிட்டுப் போனது. நாங்களும் நத்தார் எண்டுதான் சொல்லுறம். டொரொண்டோவில தமிழ் வகுப்பில என்ர மகள் "நத்தார் வாழ்த்துகள்" எண்டு கார்ட் எழுத, ரீச்சர் சிவப்பு மையால வெட்டி 'கிறிஸ்துமஸ்' எண்டு போட்டுவிட்டா. அம்மம்மாவுக்கு எழுதின கார்ட் அது. அப்பிடியே தபாலில போட்டனாங்கள், வெட்டினதோட.