விழக் கண்ட கல்லா, கண்டெடுத்த கல்லா?

அனைவருக்கும் வணக்கம். விண்கல் கலைச்சொற்களில் ஆங்கில ‘fall’, ‘find’ என்ற இரு பிரிவுக்கும் தமிழ்ச்சொல் தேடும்போது வந்த கேள்வி இது:

> விழுவது தெரிந்து எடுத்த விண்கல் ‘கண்டகல்’, தெரியாமல் பின்னாளில் கிடைத்தது ‘கண்டெடுகல்’ என்று வைக்கலாமா?

இரண்டும் ‘கண்’ என்றே தொடங்குவதால் அட்டவணையில் பக்கத்துப் பக்கத்தில் வந்தால் படிப்பவர் குழம்புவார். முதல் வகைக்கு வந்த ‘வீழ்கல்’ என்ற இன்னொரு பரிந்துரை வினைத்தொகையாக அழகாக இருக்கிறது. ஆனால் வீழாத விண்கல் ஏது? பாலைவனத்தில் ஆயிரமாயிரம் ஆண்டு கிடந்ததும் ஒரு நாள் விழுந்ததுதானே.

பார்த்தோமா என்பதைவிட, விழுந்த நாள் தெரியுமா என்பதே இந்தப் பிரிவின் உயிர். ரஷ்யாவில் செல்யாபின்ஸ்க் கல் விழுந்தது 2013 பிப்ரவரி 15. அதன் பெரிய துண்டு செபார்குல் ஏரிச் சேற்றிலிருந்து அக்டோபரில்தான் வெளியே வந்தது. எட்டு மாதம் நீரில் கிடந்தும் அது முதல் வகையே. கேமராவோ ரேடாரோ பதிவு செய்திருந்தாலும் போதும், மனிதக் கண் கட்டாயமில்லை. மாறாக, கருமை குன்றாத புத்தம்புதுக் கல் ஒன்று வயலில் கிடைத்தாலும், விழுந்த நாளுக்குச் சான்று இல்லாவிட்டால் அது இரண்டாம் வகை.

நாள் ஏன் முக்கியம்? விண்வெளிக் கதிர்கள் பட்டுக் கல்லுக்குள் உண்டாகும் கதிரியக்க ஐசோடோப்புகள், தரைக்கு வந்தபின் தேய மட்டுமே செய்யும். ஸ்காண்டியம்-46இன் அரையாயுள் 84 நாள். ஓராண்டு தாமதித்தால் ஏறக்குறைய 20இல் ஒரு பங்குதான் மிஞ்சும். சோடியம்-22க்கு 2.6 ஆண்டு. காமா கதிர்களை அளக்கும் நிறமாலைமானியில் அளந்ததை விழுந்த கணத்துக்குத் திருப்பிக் கணக்கிட நாள் கையில் இருந்தாக வேண்டும். ஆகவே ‘நாளறி கல்’, ‘நாளறியாக் கல்’ என்கிறேன்.

சொல்விளக்கத்தில் கையாளும் முறையும் இடம்பெற வேண்டும். காந்தத்தை ஒட்டிப் பார்த்தால் கல்லில் பதிந்திருந்த பழைய காந்தத் தடம் அழிந்துவிடும். கழுவினால் உலோகத் துணுக்குகளைச் சுற்றிப் பழுப்பு வளையமாகத் துரு படரும். கையுறையோடு எடுத்துச் சுத்தமான அலுமினியத் தாளில் பொதிந்து, ஈரமில்லாமல் வைப்பதே சரி. 2000 ஜனவரி 18 அன்று கனடாவில் விழுந்த டாகிஷ் ஏரிக் கல்லின் முதல் துண்டுகளைக் கைபடாமல் எடுத்து, உறைநிலையிலேயே பாதுகாத்தார்கள். எளிதில் ஆவியாகும் கரிமப் பொருள்கள் அதனால்தான் தப்பின.

---

ஐயா, கருத்தை ஏற்கிறேன், சொல்லில் மட்டும் ஒரு தடை. ‘நாளறி கல்’ என்றால் கல்லே நாளை அறிந்தது போல ஒலிக்கிறது. ‘நாள்தெரி கல்’ என்றால் அந்தச் சிக்கல் இல்லை. ‘வீழ்நாட்கல்’ என்றும் யோசித்தேன். ஆனால் திருக்குறளில் ‘வீழ்நாள்’ வீணாய்க் கழிந்த நாள். அது வேண்டாம்.

வகைப்பாட்டுச் சொற்களில் இதைவிடப் பெரிய சிக்கல் இருக்கிறது. காண்ட்ரூலுக்குத் ‘துளிமணி’ மிகப் பொருத்தம். உருகிய துளி விண்வெளியிலேயே உறைந்து மணியானதுதான் அது, பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் அளவு. பொதுவாக அவை நிறைந்திருக்கும் காண்ட்ரைட் என்ற விண்கல் வகை ‘துளிமணிக்கல்’ ஆகலாம். அதற்காக, பெயரளவில் ‘காண்ட்ரூல் இல்லாதது’ எனப்படும் அகாண்ட்ரைட்டை ‘மணியிலிக்கல்’ என்று மட்டும் வைக்காதீர்கள். 1864இல் பிரான்சில் விழுந்த ஓர்கேய் கல்லில் துளிமணி கிடையாது. ஆனாலும் வேதி இயைபால் அது காண்ட்ரைட்டே. கல் உடைந்து வந்த தாய்க்கோளில் எவ்வளவு சூடேறியது என்பதைக் காட்டும் எண்வரிசையில் 6ஆம் வகைக் காண்ட்ரைட்டுகளிலும் வெப்பத்தால் மறுபடிகமாகி மணிகளின் விளிம்பு கரைந்திருக்கும். அதிகம் சூடேறாத 3ஆம் வகையின், ஒளி ஊடுருவும்படி தேய்த்த மென்சீவலை நுண்ணோக்கியில் வைத்தால் வட்டங்கள் துல்லியமாகத் தெரியும். 6இல் தேட வேண்டியிருக்கும். அகாண்ட்ரைட்டின் அடையாளம் தாய்க்கோளிலேயே உருகியது. அதனால் ‘உருகுகல்’ என்பதே என் தேர்வு.

---

‘நாள்தெரி கல்’ நன்று, என்னுடையதை விட்டுவிடுகிறேன். ‘உருகுகல்’லில்தான் தயக்கம். துளிமணியும் உருகி உறைந்ததுதானே என்று மாணவர் கேட்பார். ‘கோளுருகு கல்’ என்றால் எங்கே உருகியது என்பதும் சொல்லுக்குள் வந்துவிடும்.

காண்ட்ரைட்டின் உட்பிரிவுகளான எச், எல், எல்எல் எழுத்துகளை அப்படியே விடுவோம். அவை மொத்த இரும்பின் அளவைக் குறிக்கும் குறியீடுகள், மொழிபெயர்த்தால் பன்னாட்டுப் பட்டியலோடு ஒப்பிட முடியாது. ஒலிவின் என்ற கனிமத்தில் ஃபயலைட் (உலோகமாக இல்லாமல் கனிமத்தில் கட்டுண்ட இரும்புக் கூறு) பங்கு எச்சில் சுமார் 16–20 விழுக்காடு, எல்எல்லில் 27–32, எல் இடையில் வரும். செல்யாபின்ஸ்க் எல்எல்5.

வளிமண்டலத்தில் உருகிப் படியும் கருந்தோலுக்கு ‘உருகோடு’ என்று முன்மொழிகிறேன். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிப்பு. மூலை பெயர்ந்த இடத்தில் பார்த்தால் கறுப்பு ஓரக்கோடு போலிருக்கும், உள்ளே சிமென்ட் நிறச் சாம்பல். துளிமணிக்கற்களில் அது பெரும்பாலும் மங்கல். கால்சியம் மிகுந்த யூக்ரைட் என்ற அகாண்ட்ரைட் வகையில் மெருகிட்டது போல் பளபளக்கும். ‘எரியோடு’ என்பார் சிலர். எரிவதில்லை, உருகுகிறது. அந்த வேறுபாட்டைச் சொல் காக்க வேண்டும்.